தண்ணீர் மாற்றும் நாள்

மீன் தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? அறவாழிக்கு இந்தச் சந்தேகம் வந்தபோது மணி இரண்டு இருபது. மனிதனாக இருந்தால் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மீனுக்கு இமை என்ற ஏற்பாடே கிடையாது. விழித்திருந்தாலும் அதே பார்வை, தூங்கினாலும் அதே பார்வை, எல்லாம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அதே பார்வைதான். இமையில்லாத பிராணிகளை நம்பக் கூடாது என்று மனதுக்குள் ஒரு விதி எழுதினான். பாம்பும் அந்தப் பட்டியலில் வருமே என்று தோன்றியது. பாம்பை யார் நம்பச் சொன்னார்கள் என்று விதியை அடித்துவிட்டான். மகளின் அறையில், இரண்டடி கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய், செவுள் மூடி திறந்து மூடுவதை எண்ணிக்கொண்டிருந்தான். இந்த ஸ்டூல் ஒரு தொல்லை. இரவு அதைப் பால்கனியில் வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது இப்படி. வீட்டில் இருப்பது அவனும் எட்டு வயது நறுமுகையும் மட்டும். தானே தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் குடிக்கப் போய் அங்கே போட்டிருப்போம் என்று முதலில் நினைத்தான். தண்ணீர் குடிக்க ஸ்டூல் எதற்கு என்று அப்புறம் நினைத்தான். அதற்கு மேல் நினைக்கவில்லை. நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினேழு. ஒரு நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு மூச்சு. மீன் உயிரோடுதான் இருக்கிறது, ஓடிக்கொண்டிருப்பவனைப் போல, ஆனால் ஒரே இடத்தில். நான்கு பத்துக்கு ஸ்கூல் வேன் வரும். நறுமுகை மூன்று மாடி ஏறி வந்து, பையைக் கழற்றாமலேயே இந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வாள். எட்டு மாதமாக மனிதர்கள் யாரிடமும் பேசாத அவள் பூமியில் ஒரே ஒரு ஜீவனிடம்தான் வாய் திறக்கிறாள், அது இப்போது கூழாங்கல் மேல் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

அவன் தொழிலே நோய் பார்ப்பதுதான், ஆனால் புத்தகங்களுக்கு. நகரத்தின் பழைய நூலகம் ஒன்றில், வெயில் விழாத பின்கட்டில், பதினேழு வருஷமாக ஏடுகளையும் தாள்களையும் தின்கிறவற்றைக் கொன்று வருகிறான். முக்கியமான எதிரி ராமபாணப் பூச்சி. வெள்ளியாய் மின்னும், விரல் பட்டால் பொடியாக உதிரும், வழுக்கிக்கொண்டு ஓடும். வெள்ளைக்காரன் அதன் நடையைப் பார்த்து அதற்கு மீன் என்றே பேர் வைத்துவிட்டான். பதினேழு வருஷம் மீன் கொன்றவனிடம் ஒரு மீனைப் பிழைக்க வை என்று கொடுத்தால் என்ன செய்வான்? தெரிந்ததைச் செய்வான். தொட்டி வாங்கிய அன்றே நோட்டு ஒன்று போட்டாயிற்று. கூர்மையான பென்சிலில், நூலகத்தில் சேதக் குறிப்பு எழுதும் அதே வரிசையில் இன்றும் எழுதினான்: மூன்றாம் மீன். புதன், பிற்பகல். உடல் வலப்பக்கம் சாய்வு. துடுப்புகள் மடங்கி ஒட்டியவை. வாலில் இரத்தக் கோடுகள். செவுள் சிவப்பு, ஓரத்தில் பழுப்பு. ‘ஓரத்தில் பழுப்பு’ என்று எத்தனை புத்தகங்களுக்கு எழுதியிருக்கிறான், அவை ஒன்றும் அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. முதல் மீனுக்கு உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. நீல மருந்து விட்டான். தண்ணீர், கல், அவன் விரல் நகம், ஹாலில் ஒரு டைல்ஸ் எல்லாம் நீலமாயிற்று, மீன் பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. இரண்டாவதற்கு வால் அரித்தது, பூச்சி கடித்த தாள் விளிம்பு மாதிரியே, அதைப் பார்த்ததும் அவனுக்குத் தொழில்முறைக் கோபமே வந்தது. மஞ்சள் பொடி போட்டான், கல் உப்பு போட்டான், பதினாறாம் நாள் அதுவும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் தொட்டியைக் கவிழ்த்து, கற்களைக் கொதிக்கும் நீரில் போட்டு, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிசைந்து, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் நிரப்பினான். அது போதாது என்று ஒவ்வொரு ஞாயிறும் முழுத் தண்ணீரும் மாற்றம். அவனைக் குறை சொல்ல ஒருத்தரும் வர முடியாது. அந்தத் தொட்டியில் ஆபரேஷன் செய்யலாம்.

அப்புறம் மாற்று மீன். அதில்தான் அவனுடைய திறமை இருந்தது. முதல் மீன் ஆரஞ்சு நிறம், வால் தொடங்கும் இடத்தில் மட்டும் மைத்துளி விழுந்தாற்போல ஒரு கறுப்பு. அதே அளவில், அதே நிறத்தில், அதே மைத்துளியோடு இன்னொன்றைத் தேடிக் கொளத்தூர்க் கடைகள் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினான். தொலைந்துபோன பக்கத்தை வேறு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டுவதுபோல, தாளின் நிறம் பொருந்துகிறதா, நார் ஓடும் திசை பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து. இரண்டாவதற்குக் கறை கொஞ்சம் மேலே இருந்தது. மூன்றாவதற்கு வலப்பக்கம் இருக்க வேண்டியது இடப்பக்கம் இருந்தது. எட்டு வயதுக் குழந்தைக்கு இடம் வலம் எங்கே தெரியப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அதைத் தண்ணீரில் விட்டான். முதல் மீன் அடியில் கிடந்த அன்று காலை அவள் யூனிஃபார்மோடு நின்று தொட்டியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். “தூங்குது பாப்பா. நீ ஸ்கூலுக்குக் கிளம்பு” என்றான். சாயங்காலம் அவள் வந்தபோது மீன் சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தது. அவள் பை மாட்டிய தோளோடு ரொம்ப நேரம் நின்றாள். கதவைச் சாத்தினாள். அவன் கதவில் காதை வைத்தான். அவள் மீனிடம் சொன்னது இரண்டே வார்த்தை: “நீயும் வந்துட்டியா?”

கதவில் காது வைப்பது நல்ல குடும்பத்து ஆள் செய்யும் வேலை இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் மகளின் குரலைக் கேட்க அவனுக்கு அந்தப் பலகையை விட்டால் வேறு வழியில்லை. புது வீட்டுக் கதவு, பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அவள் குரல் அந்த வாசனையோடுதான் அவனுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் நாளே அவனுக்கு முதுகு சிலிர்த்தது. உள்ளே பேசியது நறுமுகை மாதிரி இல்லை. “சாப்ட்டியா? ஏன் பாதி வெச்சிருக்க? ம்? யார் வந்து சாப்புடுவாங்க இதை?” அந்த ‘ம்?’ அவள் அம்மா மங்கையினுடையது. மங்கை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக் கேட்கிற ‘ம்?’. கதவைத் திறந்தால் உள்ளே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு கணம் நிச்சயமில்லாமல் போய், அவன் கால் பெருவிரல் நுனியில் நடந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான், சத்தத்துக்காக. இன்னொரு நாள், சனிக்கிழமை: “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அப்பா தண்ணி மாத்துவாரு. பயப்படாத. மூச்சைப் புடிச்சிக்க.” அன்றைக்கு அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா என்று சொன்னாள். அவளுடைய பேச்சில் தனக்கும் ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது. இப்போது, இரண்டு நாற்பதுக்கு, அந்த வாக்கியம் வேறு மாதிரிக் கேட்டது. மூச்சைப் புடிச்சிக்க என்று யாரிடம் எப்போது சொல்வார்கள்? ஊசி போடுவதற்கு முன்னால் சொல்வார்கள். அலை வரும்போது சொல்வார்கள்.

மீன்கடை டேவிட்ராஜுக்கு ஃபோன் போட்டான். “சொல்லுங்க டாக்டர் சார்” என்றான் டேவிட்ராஜ். நோட்டோடு கடைக்குப் போய் நின்ற நாளிலிருந்து அந்தப் பட்டம். அறவாழி குறிப்பு முழுவதையும் வாசித்தான். பழுப்பு என்பதைப் பழுப்பு என்றே வாசித்தான். “சார், சார், கொஞ்சம் நிறுத்துங்க. மூணு மீனுக்கு மூணு வியாதி சொல்லி மூணு மருந்து போட்டுட்டீங்க. மீனுக்கு ஒரு வியாதியும் இல்ல சார். தண்ணிக்குத்தான் வியாதி.” “தண்ணி பளிங்கு மாதிரி இருக்குப்பா.” “அதான் சார் வியாதியே. ஸ்பாஞ்சை இன்னா பண்றீங்க?” “நல்லாப் பிசைஞ்சு கழுவி, வெயில்ல காயப் போடறேன்.” “போச்சு. எத்தினி நாளைக்கு ஒருக்கா?” “வாரா வாரம்.” அந்தப் பக்கம் டேவிட்ராஜ் யாரிடமோ திரும்பி, ‘வாரா வாரமாம்’ என்று சொல்வது கேட்டது. “சார், அதுலதான் குடித்தனமே கீது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க. மீன் வுடற அழுக்கைத் துன்னுட்டுத் தண்ணியை நல்லா வெச்சிக்கிறதே அதுங்கதான். புதுத் தொட்டில அதுங்க வந்து குந்தறதுக்கே ஒரு மாசத்துக்கு மேல ஆவும். அதுங்க வந்து குந்தறதுக்குள்ள நீங்க துரத்திடறீங்க. பாவம், மீன் அது மூத்திரத்துலயே வெந்துகினு கீது. இதுல லாரித் தண்ணி வேற, மருந்து வாடை அடிக்கும்.” “அப்ப எவ்வளவுதான் மாத்தறது?” “கால்வாசி. அதுவும் ஒருநாள் பக்கெட்டுல புடிச்சு வெச்ச தண்ணி. மீதியை அப்படியே வுடுங்க, கை அரிக்காம.” “இப்ப இந்த மீனுக்கு?” “இப்ப ஒண்ணியும் போடாதீங்க. காத்து மட்டும் போவட்டும். பொழைச்சா பொழைக்கும்.” “நாலு மணிக்குள்ள தெரிஞ்சிடுமா?” “மீன் இன்னா வாட்ச் கட்டிக்கினா கீது?” என்றான் டேவிட்ராஜ். கொஞ்சம் இரக்கப்பட்டு, “மத்தியானம் எடுத்துக்கினு போனீங்களே ஒண்ணு, அது நல்லா கீதா?” என்றும் கேட்டான்.

அது நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பாலிதீன் பையில், நான்காவது மீன். அரைநாள் லீவு போட்டு வரும் வழியிலேயே வாங்கியது. கறை வலப்பக்கம், சரியான இடத்தில். இவ்வளவு சரியானது இதற்கு முன் கிடைத்ததில்லை. பையின் வளைவில் அதன் ஒரு கண் மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெருத்து, தொட்டிக்குள் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி அந்தக் கண்ணுக்கு முதுகைக் காட்டினான். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். அதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை. அவன் படித்த பாடத்தில் நல்ல பூச்சி என்று ஒரு பாகுபாடே கிடையாது; உயிர் இருக்கும் இடத்தில் அரிப்பு இருக்கும், அவ்வளவுதான். தாளை வைப்பதற்கு முன்னால் அலமாரியைக் கொல்ல வேண்டும். மங்கை போனதும் அவன் செய்ததும் அதுதான், இப்படி யோசித்தால். பதினோரு நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரி, கண்ணாடி போட்ட அறை. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு டிவி போட்டுக் கொடுத்தார்கள். “அம்மா எங்க?” என்றாள். “தூங்குறாங்க பாப்பா.” பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடித்துச் சாம்பல் வாசனையோடு வந்தவனிடம் “எங்க?” என்றாள். தூங்குறாங்க என்றான். வேறு வார்த்தை வாயில் இல்லை. பெரியவர்களும் அப்படியே சொல்லிவைக்கச் சொன்னார்கள். இன்னும் நான்கு நாள் கேட்டாள், ஒரு நாளைக்கு ஒரு தடவை, கடன் கேட்பவள் போலக் கூச்சத்தோடு. ஆறாம் நாள் கேட்கவில்லை. பிறகு எதையுமே கேட்கவில்லை. அவன் அந்த வாரமே புடவைகளை அக்காவுக்கு அனுப்பினான், தலையணை உறையை இரண்டு முறை துவைத்தான், சீப்பு, பொட்டு ஒட்டிய நிலைக்கண்ணாடி, அவள் கைபட்டுப் பாதி தீர்ந்த ஊறுகாய் ஜாடி வரைக்கும் வெளியேற்றினான். இரண்டு மாதத்தில் திருவல்லிக்கேணி வீட்டையும் காலி செய்து, யாரும் இதுவரை மூச்சுவிடாத இந்தப் புதுச் சுவர்களுக்குள் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தான். பளிங்கு மாதிரி வீடு. அவள் வந்த நாளிலிருந்து ஜன்னல் ஓரத்திலேயே நின்றாள், முகத்தைக் கம்பிக்கு வெளியே நீட்டி, வாய் லேசாகத் திறந்து. காற்றுக்கு நிற்கிறாள் என்று நினைத்தான். காற்றுக்குத்தான் நின்றிருக்கிறாள். பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிய டாக்டரம்மா சொன்னார்: “அவளைப் பேசச் சொல்லாதீங்க. பேசறதுக்கு ஏதாவது ஒண்ணைக் கொடுங்க.” கொடுத்தான். மூன்று கொடுத்தான்.

மூன்று பத்துக்கு ஃபோன் அதிர்ந்தது. திண்டிவனத்திலிருந்து பொற்கொடி அக்கா. “என்னடா, பின்னாடி ஏதோ குமிழி சத்தம் கேக்குது? ஆபீஸ்ல இல்லியா?” “லீவு போட்டிருக்கேன்க்கா. மீனுக்கு உடம்பு சரியில்ல.” “மீனுக்கு.” “ஆமா.” “கொழம்பு வைக்கிற நெலமையில இருக்குதா, அதையும் தாண்டிடுச்சா?” அவன் சிரிக்கவில்லை, சிரிக்காதது அக்காவுக்குப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும், குரலை இறக்கினாள். “சரி விடு. செஞ்சிப் பக்கத்துப் பொண்ணு சொன்னேனே, போட்டோ அனுப்பினேன், பாத்தியா? டீச்சரு. சாந்தமான மூஞ்சி. நம்ம மங்கைக்குக் கன்னத்துல இருந்துச்சே ஒரு மச்சம், அச்சு அசல் அதே மாதிரி இவளுக்கும் இருக்குடா. எனக்கே ஒரு நிமிஷம் திக்குன்னுச்சு.” அறவாழி வாயைத் திறந்தபோது வந்த கேள்வி அவனுக்கே விநோதமாக இருந்தது: “எந்தக் கன்னத்துல?” “எந்தக் கன்னமா இருந்தா என்னடா? புள்ளை பழகிக்கும்.” தொட்டியில் மூன்றாவது மீன் சட்டென்று நிமிர்ந்து, இடப்பக்கக் கறையை அவனுக்குக் காட்டி, மேலே போய் வாயால் காற்றைக் கவ்வியது. “அப்புறம் கூப்பிடறேன்க்கா” என்று வைத்துவிட்டான்.

மேலே வந்தது நல்ல குறி என்று நோட்டில் எழுதினான். எழுதி முடிப்பதற்குள் அது திரும்பவும் இறங்கியது, இறங்கியதா விழுந்ததா என்று சொல்ல முடியாத வேகத்தில். மூன்றே கால். மோட்டார் ஓயாமல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. வெயில் சரிந்து ஜன்னல் வழியாகத் தொட்டியில் விழ, கண்ணாடியில் அவன் முகம் எழுந்தது. அவன் நெற்றிக்குள் கூழாங்கற்கள், கன்னத்துக்குள் குமிழிகள், வாய் இருக்க வேண்டிய இடத்தில் மீன். மீன் வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் அவன் பிம்பமே எதையோ சொல்ல வாயெடுத்து விட்டுவிடுவது போலிருந்தது. அந்த முகத்துக்குப் பின்னால், தோளுக்கு மேலே, பையில் இருந்த மீனின் பெரிய கண். அவன் சரியாக எண்ணிப் பார்த்தான்: அறையில் இப்போது இமையுள்ள ஆள் தான் ஒருவன் மட்டும். நூற்று இரண்டு. எண்பத்தாறு. மூச்சு குறைவது குணமாவதா? புத்தகங்களில் அரிப்பு நின்றால் குணம். ஐம்பத்து நான்கு. மங்கையின் தலைமாட்டில் இருந்த பெட்டியிலும் எண்கள் இப்படித்தான் இறங்கின. அதைக் குணம் என்று அவன் நினைத்தான், நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தான், சிரித்துக்கொண்டே. முப்பது. பிள்ளையை அன்றைக்கு அழைத்து வந்திருக்கலாம். கண்ணாடி வழியாகத்தான் என்றாலும் பார்த்திருப்பாள். கண்ணாடி வழியாகப் பார்ப்பது அவளுக்குப் போதும். பதினொன்று. மீன் அவனை நேருக்கு நேர் பார்த்தது, இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் தெரிய, எந்த மீனும் அப்படிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. செவுள் ஒரு முறை திறந்தது. அவன் மூடுவதற்காகக் காத்திருந்தான். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் காத்திருந்தான். பார்வை அதே பார்வைதான்.

மூன்று நாற்பதுக்கு வலையால் எடுத்தான். உள்ளங்கையில் அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று மூன்றாவது தடவையும் எதிர்பார்க்கவில்லை. அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றினான், நூலகத்திலிருந்து கொண்டுவந்தது. தட்டையான வெள்ளை நாடாவால் இரண்டு சுற்று. சீட்டில் பென்சிலால்: மூன்று. வந்த தேதி, போன தேதி. கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட அவனால் முடிந்ததில்லை, ஆசிரியர் பெயர் தெரியாத கிழிசல் தாளைக்கூடக் குப்பையில் போடாத கை. பூச்சி பட்ட புத்தகத்தைப் பையில் கட்டிக் கடுங்குளிரில் வைப்பது தொழில் முறை. அந்தப் பழக்கத்தில் முதல் மீனை ஃபிரீசரில், பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தான். வைத்தது அங்கேயே இருந்தது. இரண்டாவதும் அங்கேயே. இப்போது மூன்றாவதைப் பின்னால் தள்ள, முதல் இரண்டையும் வெளியே எடுத்தான். குளிர்ப் புகை மணிக்கட்டைச் சுற்றியது. நாடாவைப் பார்த்தான். அவன் போடுவது தட்டையான முடிச்சு. தாளை அழுத்தாது, இருபது வருஷம் கழித்தும் இழுத்தால் அவிழும். இது அதுவல்ல. இரண்டு காதோடு நிற்கிற முடிச்சு. முயல்காது முடிச்சு. ஷூ லேஸ் கட்ட நறுமுகைக்கு மங்கை சொல்லிக்கொடுத்தது, ஒரு காது, இன்னொரு காது, கட்டிப் புடிச்சிக்கோ. இரண்டு பொட்டலத்திலும் முயல்காது. தாளின் மடிப்புகள் அவன் மடித்தவை அல்ல. பலமுறை பிரித்து, பலமுறை மூடி, துணி போலத் தளர்ந்திருந்தன. முதல் சீட்டில் அவனுடைய பென்சில் எழுத்துக்குக் கீழே, ஆரஞ்சுக் கலர் பென்சிலில், கோடு போடாத இடத்தில் கோட்டுக்கு அடங்கி எழுதப் பழகிய கையால் ஒரு வார்த்தை: தூங்குது. இரண்டாவதில்: இதுவும் தூங்குது. ஃபிரீசர் கதவு திறந்தே இருந்ததால் ஃபிரிட்ஜ் பீப் பீப் என்று கூப்பிட ஆரம்பித்தது. அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். ஸ்டூல் நிற்கும் இடத்தில், சரியாக அதே இடத்தில், தான் நின்றுகொண்டிருந்தான்.

எத்தனை விடியற்காலைகள். அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஸ்டூல் மேல் ஏறி, குளிர்ப் புகைக்குள் முகத்தை நீட்டி, பொட்டலத்தைப் பிரித்து, தூங்குகிறதா என்று பார்த்திருக்கிறாள். எழுந்துவிட்டதா என்று பார்த்திருக்கிறாள். மூடிக் கட்டி வைத்துவிட்டு வந்து, தொட்டியில் நீந்துகிற வேறொரு மீனிடம் சாயங்காலம், மூச்சைப் புடிச்சிக்க என்று சொல்லியிருக்கிறாள். அப்பா சொன்ன வார்த்தைக்குத் தவறாமல் ஒவ்வொரு மீனையும் அதன் அதன் இடத்தில் வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து நாள் கேட்டுப் பார்த்தவள். கீழே வேனின் ஹாரன் இரண்டு முறை அடித்தது. நான்கு பத்துக்குப் பத்து நிமிடம் முந்தி. பை ஜன்னலில் ஆடியது. ரப்பர் பேண்டைக் கழற்றித் தொட்டியில் கவிழ்க்க அரை நிமிடம் போதும். கறை சரியான பக்கத்தில். எல்லாம் சரியாக இருக்கும், இந்த முறை எல்லாமே சரியாக இருக்கும். அவன் பையைக் கையில் எடுத்துவிட்டான். ஒவ்வொரு மாடிக்கும் பதினெட்டுப் படி. தண்ணீர் பாட்டில் கம்பிப்பிடியில் இடிபடும் சத்தம் முதல் மாடி, இரண்டாம் மாடி என்று ஏறி வந்தது. வாசலில் ஷூவைக் கழற்றும் சத்தம். ஒரு காது. இன்னொரு காது.

நறுமுகை பையோடு அறை வாசலில் வந்து நின்றாள். குமிழி மட்டும் ஓடும் தொட்டியைப் பார்த்தாள். அப்பாவின் வலது கையில் தொங்கிய பையையும் அதற்குள் இருந்ததையும் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள். அங்கே மூன்று பொட்டலங்கள், இரண்டில் வெண்பனி படர்ந்திருந்தது.

அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான், உயரம் சரியாக வரட்டும் என்று. “பாப்பா, இது தூங்கல. செத்துப்போச்சு” என்றான். “இது மூணும் செத்துப்போச்சு. அப்பா பொய் சொன்னேன்.” அவள் இன்னும் முடியவில்லை என்று தெரிந்து காத்திருந்தாள், அவன் செவுளுக்குக் காத்திருந்தது போல. “அம்மாவும் தூங்கலடா கண்ணு. அன்னைக்கே செத்துப்போயிட்டாங்க. உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கணும்.”

அவள் வந்து முதல் பொட்டலத்தை எடுத்தாள், பிரிக்கவில்லை, உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கணக்கைக் கடைசியில் சரியாகப் போட்டுவிட்ட மக்குப் பையனைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

“தெரியும்” என்றாள்.

நடுவில் கதவு இல்லை. பெயின்ட் வாசனை இல்லை. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கைகளுக்குத்தான் தெரிந்திருந்தது. அவை பையை ஓரமாக வைத்துவிட்டு, பக்கெட்டை இழுத்து, தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் டியூபின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் அடிவரை விட்டு, இன்னொரு நுனியை வாயருகே கொண்டுவந்துவிட்டன. அவள் சின்ன விரல்கள் டியூபை நடுவில் மடக்கிப் பிடித்தன.

“அப்பா,” என்றாள், “எல்லாத்தையும் மாத்தாத.”